வியர்வையைக் கடத்தும் பேஸ் லேயர் சட்டை: தேர்ந்தெடுப்பது முதல் துவைப்பது வரை முழுமையான வழிகாட்டி

மலைப்பாதையில் ஏறும்போது சட்டை நனைந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. உடம்பு சூடாக இருக்கிறது, கால்கள் நடந்துகொண்டே இருக்கின்றன, ஈரம் ஒரு பொருட்டாகத் தெரியாது. தொல்லை நின்ற பிறகுதான் ஆரம்பிக்கும். காற்று வீசும் ஒரு முகட்டில் பையை இறக்கிவைத்துத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் முதுகில் ஒட்டிய துணி சில்லென்று உறைக்கும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் பற்கள் தந்தியடிக்கும். ஒரு சட்டை நல்லதா இல்லையா என்பது நடக்கும்போது தெரியாது, நின்ற பிறகு வரும் பத்து நிமிடத்தில்தான் தெரியும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அந்தப் பத்து நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ் லேயர் என்பது தோலை ஒட்டி அணியும் முதல் உடை. குளிரில் அதன்மேல் ஃபிளீஸ் எனும் பஞ்சுபோன்ற கதகதப்புச் சட்டையும் ஜாக்கெட்டும் வரும், வெயிலில் அது மட்டுமே சட்டை. நடைப்பயணம், மலையேற்றம், சைக்கிள், ஓட்டம், பனிச்சறுக்கு என எதற்கானாலும் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுதான், விடை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

துணி வியர்வையை என்ன செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் லேபிளில் இருக்கும் பாதி வாசகங்களைப் படிக்கவே தேவையில்லை. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல், அதாவது 580 கிலோகலோரி அளவுக்கு வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டுச்சொட்டாக வழிந்து கீழே விழும் வியர்வையால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. கடுமையாக ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கலாம். அது தோலில் திட்டுத்திட்டாகத் தேங்காமல் பெரிய பரப்பில் மெல்லியதாகப் பரவினால் சீக்கிரம் ஆவியாகிவிடும். அந்தப் பரப்பைக் கொடுப்பதுதான் சட்டையின் வேலை.

பரவுவது எப்படி? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, இழைகளுக்கு இடையிலுள்ள குறுகிய சந்துகள் வழியே வியர்வை நகர்கிறது. நுண்புழை ஏற்றம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதுதான். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இழைகளுக்கு இடையே நீர் ஓடுவது ஒன்று, இழைக்கு உள்ளேயே நீர் புகுந்து தங்குவது இன்னொன்று. பருத்தி இழை நீரை உள்ளே வாங்கி வீங்கிக்கொள்ளும். உள்ளே போன நீர் லேசில் வெளியே வராது. பாலியஸ்டர் இழைக்குள் நீர் ஏறக்குறைய நுழைவதே இல்லை. 20 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைத்தால் பாலியஸ்டர் தன் எடையில் சுமார் 0.4 சதவீத நீரைத்தான் காற்றிலிருந்து வாங்கும். நைலான் சுமார் 4 சதவீதம், பருத்தி 7 முதல் 8.5 சதவீதம், கம்பளி 16 சதவீதம் வரை வாங்கும்.

ஈரம் ஏன் இவ்வளவு குளிர்கிறது என்பதற்கும் காரணம் எளிது. துணி கதகதப்பாக இருப்பது அதற்குள் சிக்கியிருக்கும் காற்றால். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் நீர் நிரம்பிவிட்டால் கதகதப்பு போய்விடும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது உயிருக்கே ஆபத்தான நிலை. அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. 10 டிகிரி வெப்பநிலையில் மழையும் காற்றும் நனைந்த பருத்திச் சட்டையும் சேர்ந்தாலே போதும்.

படி 1: சட்டைக்கு முன்னால் பயணத்தைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு வியர்க்கும்? ஒரே வேகத்தில் தொடர்ந்து போவீர்களா, அடிக்கடி நின்று நின்று போவீர்களா? காற்று வறண்டதா, ஈரமானதா? ஒரே சட்டையில் எத்தனை நாள் இருக்க வேண்டும்? முதுகில் பை இருக்குமா? நெருப்பின் அருகே உட்காருவீர்களா?

இவற்றில் முக்கியமானது இரண்டாவது கேள்வி என்பேன். ஓட்டக்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடி, முடித்ததும் வீட்டுக்குள் போய்விடுவார். அவர் சட்டை கொஞ்சம் நனைந்திருந்தாலும் நஷ்டமில்லை. பாறையேறுபவர் நிலை வேறு. அரை மணி நேரம் வியர்வை கொட்ட ஏறிவிட்டு, அடுத்த அரை மணி நேரம் கயிற்றைப் பிடித்தபடி காற்றில் அசையாமல் நிற்பார். பறவை பார்ப்பவர்களும் புகைப்படம் எடுப்பவர்களும் இப்படித்தான். இவர்களுக்குத் துணி எவ்வளவு வேகமாக உலர்கிறது, ஈரமாக இருக்கும்போது எவ்வளவு குளிர்கிறது என்பவைதான் முதல் கணக்கு.

ஈரப்பதம் மிகுந்த காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகப் போக இடமில்லை. எந்தத் துணியாக இருந்தாலும் நனையத்தான் செய்யும். "உடம்பை உலர்வாக வைத்திருக்கும்" என்ற வாக்குறுதி அடர்ந்த மழைக்காட்டில் பலிக்காது. அங்கே தேட வேண்டியது வேறு: நனைந்தாலும் கனக்காத, தோலில் அப்பிக்கொள்ளாத, காற்று உள்ளே வந்து போக இடம் கொடுக்கும் சட்டை.

வறண்ட கடும் வெயில் இதற்கு நேர் எதிர். வியர்வை வந்த வேகத்தில் மறைந்துவிடும். அங்கே ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் மெல்லிய பருத்திச் சட்டைகூட இதமாக இருக்கும், இரவில் குளிர் இறங்காத இடம் என்றால் மட்டும்.

படி 2: இழையைத் தேர்ந்தெடுங்கள்

முடிவின் பெரும்பகுதி இங்கேதான். லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கும் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணித்துண்டில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

பாலியஸ்டர்தான் இன்று பெரும்பாலான பேஸ் லேயர்களின் இழை. சீக்கிரம் உலரும், நீடித்து உழைக்கும், துவைக்கச் சிரமம் இல்லை. பாலியஸ்டர் இழை இயல்பில் நீரை விரும்பாதது. அதனால் நீரை நகர்த்த இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, இழையின் குறுக்குவெட்டை உருண்டையாக விடாமல் பள்ளங்களோடு வார்ப்பது. 1986-ல் டூபான்ட் நிறுவனம் கூல்மேக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த இழை இந்த வகை. அந்தப் பள்ளங்களே நீர் ஓடும் வாய்க்கால்கள். மற்றொன்று, நீரை ஈர்க்கும் வேதிப்பூச்சு கொடுப்பது. இழையின் வடிவம் சட்டை கிழியும் வரை இருக்கும், பூச்சு துவைக்கத் துவைக்கத் தேய்ந்துபோகும். மலிவான சட்டை புதிதில் நன்றாக உழைத்துவிட்டுச் சில மாதங்களில் வியர்வையை ஏற்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பாலியஸ்டரின் பெரிய குறை நாற்றம். வியர்வையோடு வரும் எண்ணெய்ப்பசை இந்த இழையில் ஒட்டிக்கொள்ளும், நாற்றத்தை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு அது தோதான இடம். வெள்ளிச் சேர்மம் கலந்து இதைக் குறைக்கிறார்கள், ஆனாலும் முழுவதும் போகாது. ஒருநாள் பயணத்துக்கு இது பிரச்சினையே இல்லை. நான்கு நாள் கூடாரத்தில் தங்கும் பயணத்தில் கூட இருப்பவர்கள் சொல்வார்கள்.

மெரினோ என்ற செம்மறி இனத்தின் மெல்லிய கம்பளி இதில் பாலியஸ்டரை வெகுதூரம் முந்துகிறது. கம்பளி என்றதும் குத்தும் ஸ்வெட்டர் ஞாபகம் வரலாம். குத்துவது தடித்த இழைகளின் முனை. சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடிமன் உள்ள முனைகள் வளையாமல் தோலை உறுத்தும். பேஸ் லேயருக்குப் பயன்படும் மெரினோ பொதுவாக 17 முதல் 19.5 மைக்ரான் வரை இருப்பதால் தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கும். எளிதில் உறுத்தும் தோல் உள்ளவர்கள் 17.5 மைக்ரான் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

மெரினோ இழை இரட்டைக் குணம் கொண்டது. வெளிப்புறம் மெழுகுத்தன்மையோடு நீர்த்துளியைத் தள்ளும், உட்புறம் நீராவியை வாங்கிக்கொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை உள்ளே வைத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நீராவியை உள்வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடும். நின்ற பிறகு வரும் பத்து நிமிடத்தில் மெரினோ அணிந்தவருக்குச் சட்டென்று குளிர் ஏறாததற்குக் காரணம் இதுதான். பல நாட்கள் துவைக்காமல் போட்டாலும் நாற்றம் குறைவு.

அதற்கான விலையையும் சொல்லிவிடுகிறேன். முழுக்க நனைந்த மெரினோ அதே கனமுள்ள பாலியஸ்டரைவிட மெதுவாக உலரும். மெல்லிய மெரினோ பையின் பட்டை உரசும் தோளிலும் இடுப்பிலும் ஓட்டை விழும். அந்துப்பூச்சிக்கும் பிடிக்கும். செம்மறியின் பின்பகுதித் தோலை வெட்டியெடுக்கும் மியூல்சிங் முறையில் வளர்க்கப்படாத ஆடுகளின் கம்பளி வேண்டும் என்று நினைப்பவர்கள், லேபிளில் அதற்கான குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவில் கலப்புத் துணிகள் இருக்கின்றன. நைலான் இழையை நடுவில் வைத்து மெரினோவைச் சுற்றி நூற்ற நூலில் பின்னிய சட்டை, மெரினோவின் நாற்றமில்லாத குணத்தை ஓரளவு வைத்துக்கொண்டு நன்றாக உழைக்கும். பை சுமந்து பல நாள் நடப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

பாலிபுரொப்பிலீன் ஒரு காலத்தில் இந்தத் துறையின் நாயகன். 1970-களில் நார்வேயின் ஹெல்லி ஹேன்சன் நிறுவனம் லிஃபா என்ற பெயரில் அதைப் பரவலாக்கியது. நீரை வாங்கவே வாங்காது, நீரைவிட எடை குறைவு. ஆனால் நாற்றம் பாலியஸ்டரைவிட மோசம், வெப்பம் தாங்காது. சலவைக்கடை டிரையர்களின் சூட்டில் உருகியதும் சேர்ந்துதான் பட்டகோனியா நிறுவனம் 1985-ல் தன் உள்ளாடைகளைப் பாலிபுரொப்பிலீனிலிருந்து கேப்பிலீன் என்ற பாலியஸ்டருக்கு மாற்றியது. கடுங்குளிரில் பனிச்சறுக்கு செய்பவர்களுக்கு இன்றும் இது பயன்படும், மற்றவர்கள் தேடிப்போக வேண்டியதில்லை.

நைலான் பாலியஸ்டரைவிட உறுதியானது, தோலுக்கு மென்மை, உலரக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். பட்டு மெல்லியது, குளிரில் இதமானது, ஆனால் கடும் வியர்வைக்கும் அடிக்கடி துவைப்பதற்கும் ஏற்றதல்ல. மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ். தொட்டால் குளுமையாக இருந்தாலும் பருத்தியைவிட அதிகமாகவே நீரை உள்ளே வாங்கும். வீட்டில் போட்டுக்கொள்ள அருமை, மலைக்கு வேண்டாம். எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் 5 சதவீதம் அளவில் இருந்தால் நீட்சிக்கு உதவும், அதிகமானால் உலர்வது தாமதமாகும்.

பருத்தி பனியன் மேல் பலருக்கும் பாசம் உண்டு, அதில் தவறில்லை. சமவெளியில் பக்கத்திலேயே வீடு இருக்கும்போது தாராளமாகப் போடுங்கள். குளிரும் காற்றும் உள்ள இடத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். மேலே விலையுயர்ந்த ஜாக்கெட் போட்டு உள்ளே பருத்தி பனியன் அணிந்தால் ஜாக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

நெருப்பு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பாலியஸ்டர், நைலான், பாலிபுரொப்பிலீன் மூன்றும் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 2006-ல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையான மரைன் கோர், ஈராக்கில் முகாமுக்கு வெளியே செல்லும் வீரர்கள் இத்தகைய செயற்கை இழைச் சட்டைகளை அணியக் கூடாது என்று தடை விதித்ததற்கு இதுவே காரணம். கம்பளி எளிதில் பற்றாது, உருகாது, நெருப்பு விலகினால் தானே அணைந்துவிடும். விறகு அடுப்போடும் முகாம் நெருப்போடும் நேரம் செலவிடுபவர்களுக்கு மெரினோ பாதுகாப்பானது.

படி 3: கனம்

துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள், ஜிஎஸ்எம் என்று லேபிளில் போட்டிருக்கும். 150-க்குக் கீழே இருந்தால் வெயிலுக்கும் கடும் உழைப்புக்கும் ஏற்றது. 150 முதல் 200 வரை குளிர்ந்த காலைக்கும் மிதமான குளிருக்கும். 250 அல்லது அதற்கு மேல் என்றால் உறைகுளிரில் மெதுவாக இயங்குபவர்களுக்கும் இரவில் தூங்குவதற்கும்.

பெரும்பாலானோர் தேவைக்கு மேல் கனமான சட்டையைத்தான் வாங்குகிறார்கள். கடையில் தடித்த துணி தரமாகத் தெரியும். ஆனால் உலரும் நேரத்தைத் தீர்மானிப்பதில் இழைக்கு இணையாகத் தடிமனுக்கும் பங்கு உண்டு. இழைக்குள் நீர் புகாவிட்டாலும் இழைகளுக்கு இடையில் நீர் நிற்கும், துணி தடிக்கத் தடிக்க அந்த இடம் கூடும். தடித்த பாலியஸ்டர் மெல்லிய மெரினோவைவிட மெதுவாக உலர்வதும் நடக்கும். ஆகவே இரண்டு கனங்களுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் மெல்லியதை எடுங்கள். குளிர்ந்தால் மேலே இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

படி 4: பின்னலைப் பாருங்கள்

சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சாதாரணப் பின்னல். தோல் பக்கம் சிறு மேடுகளும் கட்டங்களும், வெளிப்பக்கம் வழவழப்பான நெருக்கமான பின்னலும் இருந்தால் வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். மேடுகள் மட்டுமே தோலைத் தொடுவதால் ஈரம் குறைவாகவே அப்பும். வெளிப்பக்கத்தில் இழைகளும் சந்துகளும் நுண்ணியவை என்பதால் நீர் உள்ளிருந்து வெளியே இழுபடும். குறுகிய சந்துக்கு ஈர்ப்பு அதிகம் என்ற அதே விதிதான்.

வலைப்பின்னல் சட்டைகளுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. 1933-ல் நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் ப்ரூன் பழைய மீன்வலைகளைக் கொண்டு முதல் வலைச்சட்டையை உருவாக்கினார். பெரிய ஓட்டைகள் உள்ள துணி குளிரில் எப்படி உதவும் என்று தோன்றலாம். மேலே இன்னொரு சட்டை போட்டதும் ஓட்டைகளில் காற்று சிக்கிக் கதகதப்பு தரும். ஜிப்பைத் திறந்தால் அதே ஓட்டைகள் வழியே ஈரம் வெளியேறும். கடுமையாக வியர்ப்பவர்கள் குளிர்காலத்தில் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம். தனியாகப் போட்டால் வெயிலையோ பூச்சியையோ தடுக்காது.

படி 5: அளவு

துணி தோலைத் தொடாத இடத்தில் வியர்வையை இழுக்க முடியாது. குளிருக்கான பேஸ் லேயர் உடம்போடு ஒட்டி, ஆனால் மூச்சையும் கையசைவையும் தடுக்காமல் இருக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த வெப்பத்துக்கு இது பொருந்தாது. அங்கே சற்றுத் தொளதொளப்பாக இருந்தால் நடக்கும்போது துணி அசைந்து காற்றை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் சும்மா நிற்காதீர்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பு தெரிந்தால் நீளம் போதாது. பையின் இடுப்புப்பட்டை வெறும் தோலில் உரசிப் புண்ணாக்கிவிடும். முன்னால் குனிந்து காலணிக் கயிறு கட்டுவது போலச் செய்யுங்கள், முதுகுப்பக்கம் மேலேறக் கூடாது. அக்குளில் துணி இழுபடுகிறதா, மடிந்து கட்டியாகிறதா என்று கவனியுங்கள். மேலே போடப்போகும் உடையையும் எடுத்துச் சென்று அதன் உள்ளே இது சுருட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

படி 6: தையலும் மற்ற வசதிகளும்

தையல் தட்டையாக இருக்க வேண்டும். உள்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. தோளின் உச்சியில் தையல் வரும் சட்டையைப் பை சுமப்பவர்கள் தவிருங்கள். கழுத்திலிருந்து அக்குள் வரை சரிவாக இறங்கும் ராக்லன் கையில் அந்தத் தொல்லை இல்லை. லேபிளைத் துணியில் அச்சிட்டிருந்தால் நல்லது, தைத்திருந்தால் வாங்கியதும் வெட்டிவிடுங்கள்.

கழுத்து ஜிப் நான் அதிகம் மதிக்கும் வசதி. ஏற்றத்தில் இறக்கிவிட்டு நின்றதும் ஏற்றிக்கொண்டால், ஒரே சட்டை இரண்டு சட்டைகளின் வேலையைச் செய்யும். கட்டைவிரல் ஓட்டை கையுறைக்குள் சட்டையைப் பிடித்து வைக்கும், வெயில் பயணத்துக்குத் தேவையில்லை.

வெயிலில் முழுக்கை என்றால் பலர் தயங்குகிறார்கள். மெல்லிய, தளர்வான முழுக்கைச் சட்டை தோலை நேரடி வெயிலிலிருந்து காக்கும், வியர்வை பரவுவதற்குக் கூடுதல் பரப்பும் தரும். துணி வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் யுபிஎஃப் அளவு 50 என்று குறிப்பிட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைக் கடக்கும் என்று பொருள். துணி இழுபட்டாலும் பழசானாலும் இந்தப் பாதுகாப்பு குறையும்.

படி 7: வாங்கும் முன்னும் பின்னும் சோதியுங்கள்

கடையில் செய்யக்கூடியது குறைவு. புதுத் துணியில் பூச்சு இருப்பதால் முதல் நாள் முடிவு ஏமாற்றும். இழை, ஜிஎஸ்எம், பின்னல், தையல் இவற்றைப் பார்த்து வாங்கிவிட்டு, நாலைந்து முறை துவைத்த பிறகு வீட்டில் சோதியுங்கள்.

முதலில் சொட்டுச் சோதனை. சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, ஒரு கிண்ணத்தின் வாயில் லேசாக இழுத்துப் பிடித்து, ஒரே ஒரு சொட்டு நீர் விடுங்கள். பாலியஸ்டர் என்றால் சொட்டு சில நொடிகளில் துணியில் இறங்கிப் பரவ வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் அந்தத் துணி உங்கள் வியர்வையையும் அப்படித்தான் தோலிலேயே விட்டுவைக்கும். பிறகு வெளிப்பக்கம் திருப்பி ஈரவட்டத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பதைவிட வெளியே வட்டம் பெரியதாக இருந்தால் துணி நன்றாகக் கடத்துகிறது. மெரினோவை இந்தச் சோதனையால் மட்டும் மதிப்பிடாதீர்கள். அதன் மேற்பரப்பு நீர்த்துளியைத் தள்ளுவதால் சொட்டு இறங்க நேரமாகும், அது நீராவியாகவே ஈரத்தை வாங்கும் இழை.

அடுத்தது எடைச் சோதனை. சமையலறைத் தராசு போதும். உலர்ந்த சட்டையின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக நனைத்து, முறுக்காமல் கையால் அமுக்கிப் பிழிந்து மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்குமான வித்தியாசம்தான் சட்டை பிடித்து வைத்திருக்கும் நீர். நிழலில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை எடை பாருங்கள். பக்கத்திலேயே ஒரு பழைய பருத்திச் சட்டையையும் இதேபோல் நனைத்துத் தொங்கவிட்டால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். இரண்டு பேஸ் லேயர்களில் எதைப் பயணத்துக்கு எடுப்பது என்ற குழப்பம் இருந்தால் இந்த எண்கள் தீர்த்துவைக்கும்.

கடைசியாக, பக்கத்துக் குன்றிலோ மாடிப்படியிலோ வியர்க்க ஏறிவிட்டுக் காற்றில் அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். குளிருக்கான சட்டை என்றால் குளிர்ந்த காலையில் செய்யுங்கள். எந்த லேபிளும் சொல்லாததை உங்கள் முதுகு சொல்லிவிடும்.

படி 8: மேலே போடுவதையும் சேர்த்து யோசியுங்கள்

உள்சட்டை கடத்திய ஈரம் வெளியே போக வழி இருக்க வேண்டும். மேலே காற்றே புகாத ரெயின்கோட்டைப் பூட்டிக்கொண்டால் ஈரம் அங்கேயே தேங்கிவிடும். மழை இல்லாதபோது காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் போதும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டும். பையை ஒட்டிய முதுகு எந்தச் சட்டையிலும் நனையும், அங்கே ஆவியாக வழியில்லை. நிற்கும்போதெல்லாம் பையைக் கழற்றி முதுகுக்குக் காற்று காட்டுங்கள்.

படி 9: துவைப்பு

நல்ல சட்டை பாழாவது பெரும்பாலும் சலவையில்தான். துணி மென்மையாக்கி, அதாவது ஃபேப்ரிக் கண்டிஷனர், இழைகளின் மேல் வழவழப்பான படலத்தை விட்டுச் செல்கிறது. நீர் ஓட வேண்டிய சந்துகள் அதனால் அடைபடும். பேஸ் லேயருக்கு அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள். சோப்புத்தூளும் அளவுக்கு மேல் வேண்டாம், அலசலில் போகாத சோப்பும் அதே தீங்கைச் செய்யும்.

எண்ணெய்ப்பசை தோல் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, 30 டிகிரி நீரில் துவையுங்கள். பாலியஸ்டரில் நாற்றம் ஊறிப்போயிருந்தால் சோடியம் பெர்கார்பனேட் கலந்த ஆக்சிஜன் வெளுப்பானில், சலவைக் குறிப்பு அனுமதித்தால், ஊறவைத்து அலசலாம். மெரினோவுக்கு இது ஆகாது. கம்பளி புரத இழை. ஆக்சிஜன் வெளுப்பானும், குளோரின் வெளுப்பானும், கறை நீக்கப் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் கலந்த சோப்பும் அதை அரித்துவிடும். கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பைப் பயன்படுத்துங்கள், முறுக்காதீர்கள், நிழலில் படுக்கைவாட்டில் உலர்த்துங்கள். எந்த பேஸ் லேயரையும் டிரையரின் அதிக சூட்டில் போட வேண்டாம்.

செயற்கை இழைகள் ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்பிளாஸ்டிக் துகள்களை உதிர்க்கின்றன. மெஷினை நிறைத்துத் துவைப்பதும், துகள்களைப் பிடிக்கும் சலவைப் பை பயன்படுத்துவதும் அதைக் குறைக்கும். பயணத்தில் சட்டையை அலச வேண்டி வந்தால் ஓடைக்குள் இறங்கித் துவைக்காதீர்கள். பாத்திரத்தில் நீர் எடுத்து, ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளிப்போய் அலசி, அந்த நீரை மண்ணில் ஊற்றிவிடுங்கள்.

எதற்கு எது: என் தேர்வு

முதல் பேஸ் லேயர் வாங்குகிறவர்களுக்கு 120 முதல் 150 ஜிஎஸ்எம் பாலியஸ்டர், முழுக்கை, கழுத்து ஜிப். ஓட்டம், சைக்கிள், ஒருநாள் மலையேற்றம் எல்லாவற்றுக்கும் அது போதும். ஈரமான வெப்பத்துக்கு அதிலேயே ஒரு அளவு பெரியதாக, காற்றோட்டமான பின்னலில் எடுங்கள். பல நாள் நடைக்கு 150 ஜிஎஸ்எம் அளவில் மெரினோ-நைலான் கலப்பு. நின்று நின்று போகும் குளிர்காலப் பயணத்துக்கு 200 ஜிஎஸ்எம் மெரினோ. உறைகுளிரில் கடுமையாக உழைப்பவர்களுக்கு உள்ளே வலைச்சட்டை, மேலே மெல்லிய கம்பளி.

எத்தனை எடுத்துப் போவது? இரவு தங்கும் பயணம் எத்தனை நாளானாலும் இரண்டு போதும். ஒன்று நடக்க, ஒன்று தூங்க. தூங்கும் சட்டையை நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். காலையில் நேற்றைய சட்டை ஈரமாக இருந்தாலும், பிடிக்காவிட்டாலும், அதையே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நடக்க ஆரம்பித்தால் உடல் சூட்டில் மெல்ல உலர்ந்துவிடும். சோம்பலில் உலர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், மழை பிடித்த மாலையில் கூடாரத்துக்குள் மாற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.